பேப்பர் வண்டி நாளைக்கு 10 மணிக்கு (குடும்ப குரூப் சாட்)

வித்யா: பெரியப்பா, அவசரம். யுனிவர்சிடில தேர்வுப் பிரிவு பழைய ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாளைக்குப் பழைய பேப்பர் எடுக்கற வண்டி வருது. எதைப் போடலாம், எதைத் தொடக்கூடாது?

பெரியப்பா: அழிப்புப் பட்டியல் போட்டு, பதிவாளர் கையெழுத்தாகாம ஒரு தாளும் வெளியே போகக்கூடாது.

சித்தி: ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு வேன் பேசியாச்சா? பாபநாசத்துக்கு 8 மணிக்கே போகணும்

பெரியப்பா: வித்யா, தாளோட வயசைப் பார்க்காதே. அதை நம்பி யாருக்காவது பட்டமோ வேலையோ பணமோ போயிருக்கான்னு பார். மதிப்பெண் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, கையெழுத்தான சிண்டிகேட் (ஆட்சிக்குழு) கூட்ட மினிட்ஸ் எல்லாம் என்னைக்கும் இருக்கணும். 1985ல முடிச்சவருக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு இன்னைக்குக் கடிதம் வந்தா அந்தப் பதிவேடுதான் பேசும். மத்த கோப்புல அட்டையைப் பார். கோப்பை முடிக்கிறப்ப எத்தனை வருஷம் வைக்கணும்னு சுருக்கமா போட்டிருக்கும்: நி.மு.ன்னா நிரந்தரம், ப.மு. 10 வருஷம், மூ.மு. 3, ஓ.மு. 1. கோப்பு முடிஞ்ச தேதியிலேர்ந்து எண்ணணும்.

வித்யா: சரி பெரியப்பா

பெரியப்பா: அட்டையை மட்டும் நம்பித் தூக்கிடாதே. மூ.மு. கோப்புக்குள்ள யாரோட அசல் டி.சி.யாவது சொருகியிருக்கும். வழக்கு, தணிக்கை ஆட்சேபணை, ஆர்.டி.ஐ. மனு நிலுவையில இருந்தா காலம் முடிஞ்சாலும் வைக்கணும். சுற்றறிக்கைன்னா அனுப்பின பிரிவோட அலுவலகப் பிரதிதான் ஆவணம். உங்க பிரிவுக்கு வந்த நகலை அழிப்புப் பட்டியல்ல சேர்க்கலாம்.

சித்தப்பா: அசல் இருக்கிற இடம்தான் முக்கியம்கிறீங்க. அப்பா வீட்டுப் பத்திரம் அசல் யார்கிட்ட அண்ணா?

சித்தி: ஏங்க, இப்ப அது வேண்டாம்

பெரியப்பா: நேர்ல பேசுவோம் தம்பி.

கார்த்தி: எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுப் போட்டுடலாமே அக்கா

பெரியப்பா: ஸ்கேன் தேடறதுக்கு வசதி. நிரந்தரப் பதிவேட்டு அசலை அதைக் காட்டி அழிக்காதே. ஓரத்துல போட்ட திருத்தமும் சுருக்கொப்பமும் பல ஸ்கேன்ல வெட்டுப்பட்டுப் போயிடுது.

வித்யா: துணைவேந்தர் வாட்ஸ்அப்ல "ஓகே"ன்னு போட்டதும் ஆவணமா? அதை எப்படி வைக்கிறது?

கார்த்தி: ஐ.டி. சட்டம் 2000, 7வது பிரிவு. யார் அனுப்பினது, யாருக்கு, தேதி, நேரம் தெரியணும், பின்னாடியும் திறக்க வரணும். ஸ்கிரீன்ஷாட் பத்தாது, சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணு

பெரியப்பா: அதோட குறிப்புக் கோப்புல எழுதி, ந.க. எண் (கோப்போட எண்) போட்டுக் கையெழுத்து வாங்கு. தகவல் உரிமைச் சட்டம் 2005ல மின்னஞ்சலும் தகவல்தான், குறிப்புப் பக்கத்தையும் கேட்பாங்க.

வித்யா: விடைத்தாள் கட்டு?

பெரியப்பா: உங்க விதியில போட்டிருக்கிற காலம் வரைக்கும். விடைத்தாளைப் பார்க்கிற உரிமையும் அந்தக் காலத்துக்குள்ளதான்னு 2011ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மறுமதிப்பீடு பாக்கி இருக்கான்னு பார்த்துக்கோ.

வித்யா: நாலு மதிப்பெண் பதிவேடு லேசா ஈரம், பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு

பெரியப்பா: ஐயோ, அதுதான் முதல் வேலை. வெயில்ல வைக்காதே, மை வெளுத்துடும். ஒட்டின பக்கத்தை இழுக்காதே. நிமிர்த்தி விரிச்சு வச்சு ஃபேன் போடு. பிரியற இடத்துல வெள்ளைத்தாள் கொடுத்து மாத்திக்கிட்டே இரு. செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். பிளாஸ்டிக் பையில கட்டினா பூஞ்சை பிடிச்சுடும்.

சித்தி: இலை 150 போதுமா? மாயவரத்துலேர்ந்து எத்தனை பேர்?

சித்தப்பா: 200 சொல்லு

வித்யா: பதிவாளர் லீவாம் பெரியப்பா. வண்டியை நிறுத்த முடியாதுங்கிறார் சூப்ரண்ட்

பெரியப்பா: அதை எழுத்துல கொடுக்கச் சொல்லு. இப்பவே ஒரு மெயில் போடு, பதிவாளருக்கும் நகல் வை. பதிவேட்டையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிடு.

வித்யா: பீரோ சாவி சூப்ரண்ட்கிட்டதான் இருக்கு. கேட்டுப் பார்க்கிறேன்

சித்தி: வேனுக்கு யாரும் பதில் சொல்லலையே