மலை ஓடைப் பொன்மணல்: ஸ்லூயிஸில் பொடிப்பொன் தங்கவில்லை, வழி சொல்லுங்கள்

மலை ஓடையின் உள்வளைவுத் திட்டில் ஒரு சோதனைக் குழி. மேலே 1.2 மீட்டர் உருண்டைக்கல், அடியில் களிமண் பிடித்த சரளை, பிறகு பாறை. பாறையை ஒட்டிய கடைசி ஒரு சாண் சரளையிலும் வெடிப்புகளிலும்தான் பொன். மேலடுக்கை அலசினால் வெறும் கருமணல்.

12 மி.மீ. சல்லடையில் சலித்தே ஸ்லூயிஸ் பெட்டியில் (நீரோடு மணலை ஓடவிட்டுப் பொன்னைப் பிடிக்கும் சரிவான பெட்டி) போடுகிறோம். சரிவு 30 செ.மீ. நீளத்துக்கு 2.5 செ.மீ. ஒரு மணி நேரத்தில் ரிஃபிள்களுக்குப் (பெட்டியின் அடியில் குறுக்கே உள்ள தடுப்புப் பட்டைகள்) பின்னால் மேக்னடைட், கார்னெட் என்ற கனமான தாது மணல்கள் இறுகிவிடுகின்றன. அதன்பின் வரும் பொன் தங்க இடமில்லை. கழிவு மணலைத் தட்டில் அலசிப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது: 10 வாளிக்குப் பதினைந்து துகள், எல்லாமே தட்டையானவை. பொன்னின் அடர்த்தி 19.3, மேக்னடைட்டுக்கு 5.2தான், ஆனாலும் தட்டைத் துகளை நீரோட்டம் எளிதில் தூக்கிவிடுகிறது. கரையாத களிமண் உருண்டைகளும் பொன்னை ஒட்டிக்கொண்டு போய்விடுகின்றன, இதுதான் பெரிய இழப்பு என்று தோன்றுகிறது.

சல்லடையை 4 மி.மீ.க்கு மாற்றி நீரைக் குறைப்பதா, அல்லது ரிஃபிளுக்குப் பதில் விரிவலைத் தகடும் (வலைபோல் துளையுள்ள உலோகத் தகடு) பாசிவிரிப்பும் (பாசி போன்ற நார் விரிப்பு) போடுவதா? களிமண்ணை எவ்வளவு நேரம் ஊறவைக்கிறீர்கள்? பாதரசத்தில் பொன்னைப் பிடிக்கும் யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம், கீழே குடிநீர் எடுக்கிறார்கள்.