'குதிர்ப்புல்' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

மக்காச்சோளக் கீற்று நோயின் வைரசைப் பயிர் இல்லாத மாதங்களில் தாங்கிவைத்திருக்கும் புல்லுக்கு, பாடப்புத்தகத்தில் 'குதிர்ப்புல்' என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'மாற்று ஓம்புயிர்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அக்கா, அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒட்டுண்ணி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்கக் கட்டாயம் தேவைப்படும் இரண்டாவது செடியைத்தான் அது குறிக்கும். கோதுமைத் துருப் பூஞ்சை தன் வாழ்க்கைச் சுற்றை முழுதாக முடிக்க இரண்டு செடிகள் வேண்டும். கோதுமைக்கு மாற்று, பார்பெரிச் செடி. மக்காச்சோளக் கீற்று வைரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மக்காச்சோளத்திலேயே பெருகும். கொல்லை வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில்தான் அதற்குப் புல் தேவை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இருக்கும் டோங்காட்டில், வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை மீலி (இங்கே மக்காச்சோளத்துக்கு இதுதான் பெயர்) போட்டிருந்தேன். ஆறு இலை வரை நல்ல பச்சை. ஏழாவதின் அடியில் ஊசி குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளிகள். அடுத்த இலையில் அவை நரம்போடு நீண்டு, விட்டுவிட்டுக் கோடாகிவிட்டன. வேலியோரப் புல்லோ செழிப்பாக நின்றது. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான் ஓரிரு தாளில் மெல்லிய கீற்று தெரிந்தது. இதே நேட்டாலில் 1901-இல் பூச்சியியலாளர் கிளாட் ஃபுல்லர் எழுதிவைத்த நோய் இது. பரப்புவது தத்துப்பூச்சி என்று 1920-களில் ஸ்டோரி என்ற ஆய்வாளர் காட்டினார்.

> 'நோய்த்தேக்கம்' எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான் ஐயா. ஆனால் தேக்கம் நிரம்பினால் தானாக வழியும். இந்த வைரஸ் விதை வழியே போகாது, இலையோடு இலை உரசினாலும் போகாது. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சி எடுத்துப் போக வேண்டும். எடுத்த பூச்சி சாகும்வரை பரப்பும். ஆனால் முட்டை வழியே அதன் குஞ்சுகளுக்குப் போவதில்லை. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் நோய் கண்ட செடிக்கு வந்தே ஆக வேண்டும். அறுப்பு முடிந்து அடுத்த விதைப்பு வரை தானியத்தைக் காத்துவைத்து, ஆள் வந்து அள்ளினால் மட்டும் கொடுக்கிற குதிர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நம் பிள்ளைகள் குதிர் எதையும் பார்த்ததில்லை என்பது உண்மை. படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் 'நோய்க்குதிர்' என்றுதான் எழுதினேன். ஐ உருபு சேர்ந்ததும் 'நோய்க்குதிரை' ஆகிவிடுகிறது, பாடப்புத்தகத்தில் அது குழப்பும். 'குதிர்ப்புல்' என்றால் 'குதிர்ப்புல்லை' என்றுதான் வரும், சிக்கல் இல்லை.

விளக்கத்தில் ஒன்றை விடாமல் சேர்க்க வேண்டும். புல்லில் இருக்கும் இந்த வைரசின் எல்லா வகையும் மக்காச்சோளத்தைக் கடுமையாகத் தாக்குவதில்லை. அப்படித் தாக்குவது 'ஏ' வகைதான். டிஜிடேரியா போன்ற புற்களில் இருக்கும் 'பி' வகை சோளத்தில் லேசாகத்தான் தெரியும். இதை எழுதாவிட்டால் வரப்பில் இருக்கும் புல்லையெல்லாம் உழவர்கள் செதுக்கிப்போடுவார்கள், மாட்டுக்குத் தீனி போய்விடும்.

அன்புடன்,
டோங்காட்டிலிருந்து