முட்டை ட்ரே மிஷினில் வேகத்தைக் கூட்டினால் ட்ரே பிய்கிறது, வழி சொல்லுங்கள்

ராசிபுரம்_ட்ரே:
வணக்கம். ராசிபுரம் பக்கம் சின்னதாக ஒரு முட்டை ட்ரே யூனிட் ஓட்டுகிறேன், 30 முட்டை ட்ரே மட்டும்தான். பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் கலந்து பல்ப்பரில் அடித்துக் கூழாக்கி, அந்தக் கூழ்த் தொட்டிக்குள் டை, அதாவது ட்ரே வடிவ அச்சு, முங்கி எழுகிற சாதாரண மிஷின். மணிக்கு 1000 வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள், 700-ஐத் தாண்டவே இல்லை. சைக்கிள் நேரத்தைக் குறைத்தால் ட்ரே மெலிசாகிவிடுகிறது, டையிலிருந்து எடுக்கும்போது மூலை பிய்கிறது, பிய்யாமல் வருவதும் சொதசொதவென்று இருப்பதால் விறகு ட்ரையரில் ஒரு சுற்றில் காய்வதில்லை. வெயில் காலத்தில் களத்தில் பரப்பிச் சமாளிக்கலாம், ஐப்பசி கார்த்திகையில் அதுவும் கிடையாது. டைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டே ஓடும் ரோட்டரி மிஷினுக்கு மாறச் சொல்கிறார்கள். அவ்வளவு பணத்தை இறக்குவதற்கு முன்னால் இருப்பதை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா? டை வழியாகத் தண்ணீரை உறிஞ்ச உதவும் வேக்கம் பம்ப் வாட்டர் ரிங் வகை, உள்ளே தண்ணீர் வளையமாகச் சுழன்று உறிஞ்சுவது. வேக்கம் கேஜ் காலையில் 500 மி.மீ. (பாதரச அளவு) காட்டும், மத்தியானம் 400-க்கு இறங்கிவிடும்.

கூழ்த்தொட்டி:
ரோட்டரியை இப்போதைக்கு மறந்துவிடுங்க. உங்கள் பிரச்சினை முழுக்கத் தண்ணீர், இதே கூழை இதே ட்ரையரோடு வைத்துக்கொண்டு ரோட்டரி வாங்கினால் ஈர ட்ரே இன்னும் வேகமாகக் குவியும், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. காய்ந்த ட்ரே 70 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் கூழ் 0.7 சதவீதம் என்றால் அந்த 70 கிராம் நார் டை மேல் போர்த்திய வலையில் படிய 10 லிட்டர் தண்ணீர் வலை வழியாக உறிஞ்சப்பட வேண்டும். 1 சதவீதம் என்றால் 7 லிட்டர் போதும். அதே பம்ப், அதே டை, ஆனால் முங்கி நிற்கும் நேரம் கணிசமாகக் குறையும். பல யூனிட்டில் கூழை யாரும் அளப்பதே இல்லை, ஆபரேட்டர் கையை விட்டுப் பார்த்து "இது போதும்" என்பார், அடுத்த ஷிப்ட் ஆளுக்கு வேறு கை. அளக்க லேப் எல்லாம் வேண்டாம். தொட்டியில் சரியாக 1 லிட்டர் மொண்டு, நெருக்கமான துணியில் வடிகட்டி, பிழிந்து, அடுப்புச் சூட்டில் மொறமொறவென்று காயவைத்து எடை போடுங்க. 10 கிராம் இருந்தால் 1 சதவீதம். ரொம்பக் கெட்டியாக்கினாலும் ஆபத்துதான், நார் திரண்டு திட்டுத்திட்டாகப் படியும், குழிக்கு நடுவில் நிற்கும் கூம்புகளின் உச்சி மெலிந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்க.

அப்புறம் பல்ப்பர். கட்டி கரைய வேண்டும் என்று கூடுதல் நேரம் அடிக்கிறார்கள் பாருங்க, அதில் நார் நொறுங்கிப் பொடியாகிறது, பொடி நார் வலைக்கண்ணை அடைத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நியூஸ் பேப்பரில் பொடி இயல்பாகவே அதிகம். அட்டைப்பெட்டி நார் நீளம், தண்ணீரைச் சீக்கிரம் விடும், ஈரத்திலேயே ட்ரேக்குக் கொஞ்சம் பலமும் தரும், ஆகவே மூலை பிய்வதும் குறையும். நம் ஊர் அட்டையே ஏற்கெனவே பல தடவை மறுசுழற்சி ஆனதுதான், இருந்தாலும் பங்கைக் கூட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

டை_பட்டறை:
எல்லாரும் வலையைத்தான் கழுவுகிறார்கள். வலையைக் கழற்றி டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பின்னால் உள்ள ஓட்டைகளில் பாதி சுண்ணாம்பும் கூழும் சேர்ந்து கல்லாகி இருக்கும். ஓட்டை அடைத்த இடத்தில் கூழ் படியாது, பிய்கிற மூலை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கம்பி விட்டுக் குத்தி எடுங்கள், பிறகு பிரஷர் வாஷ். டேப் பசை ஒட்டிய வலைக்குச் சூடான காஸ்டிக் தண்ணீர், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். அலுமினிய டையில் காஸ்டிக் படவே கூடாது, அரித்துவிடும்.

நீராவி:
கூழ்த்தொட்டி சொன்னதோடு ஒன்று. கூழைச் சூடாக்குங்கள். 50 டிகிரித் தண்ணீரின் பிசுபிசுப்பு 20 டிகிரித் தண்ணீரில் கிட்டத்தட்ட பாதிதான், வலை வழியாக அவ்வளவு சுலபமாக இறங்கும். ட்ரையர் புகைபோக்கியில் வீணாகப் போகும் சூட்டை எடுத்துத் தொட்டிக்குத் திருப்பினால் விறகுச் செலவும் இல்லை.

பம்ப்_மெக்கானிக்:
நீராவி சொல்வது சரிதான், ஆனால் இவருடைய பம்ப் இருக்கும் நிலையில் அதை இப்போது செய்தால் கதை கெட்டுவிடும். காலையில் 500, மத்தியானம் 400 என்று எழுதியிருக்கிறார். வாட்டர் ரிங் பம்ப்பில் சுழலும் தண்ணீர் சூடானால் அதிலிருந்தே ஆவி கிளம்பி பம்ப்பின் இடத்தை அடைத்துக்கொள்ளும், உறிஞ்சும் திறன் விழும். 30 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 32 மி.மீ., 45 டிகிரியில் 72 மி.மீ. பம்ப்புக்குப் போகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரே சின்னத் தொட்டியில் சுற்றுகிறதா?

கூடவே பம்ப்புக்கும் மிஷினுக்கும் நடுவே உள்ள வேக்கம் டேங்க், பைப் நீளம், ஹோஸ் இணைப்புகள் எல்லாம் பாருங்க. டேங்க் சின்னதாக இருந்தால் டை முங்கும் ஒவ்வொரு தடவையும் கேஜ் முள் தடாலென்று விழுந்து ஏறும்.

ராசிபுரம்_ட்ரே:
சரியாகப் பிடித்துவிட்டீர்கள். 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றில்தான் சுற்றுகிறது, அதுவும் தகர ஷெட்டுக்கு வெளியே வெயிலில். மத்தியானம் கை வைத்தால் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறது. கூழும் வடிகட்டி எடை போட்டேன், 6 கிராம்தான் வந்தது. டை இன்னும் கழற்றவில்லை. ட்ரையர் பக்கம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பம்ப்_மெக்கானிக்:
தொட்டியை நிழலுக்கு மாற்றி, சின்னக் கூலிங் டவர் ஒன்று வையுங்க. அதற்குப் பிறகு தாராளமாகக் கூழைச் சூடாக்கலாம்.

கூழ்த்தொட்டி:
ட்ரையருக்கு வருகிறேன். ஈர ட்ரேயில் 75 சதவீதம் தண்ணீர் என்றால் 70 கிராம் நாரோடு 210 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. 70 சதவீதமாகக் குறைத்தால் சுமார் 163 கிராம். மணிக்கு 1000 ட்ரேக்கு கிட்டத்தட்ட 47 கிலோ தண்ணீரை விறகு வைத்து ஆவியாக்கும் வேலை மிச்சம், ஒரு கிலோவுக்கு 540 கிலோ கலோரி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்க. ஆகவே டை தொட்டியை விட்டு மேலே வந்த பிறகும் இன்னும் ஓரிரு வினாடி வேக்கத்தைப் பிடித்து வையுங்க. முங்கும் நேரத்தில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிப்பது லாபம்.

ட்ரையருக்குள் சூட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போக வேண்டாம், மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் ஈரமாக நின்று ட்ரே முறுக்கிக்கொள்ளும். முறுக்கின ட்ரே ஒன்றுக்குள் ஒன்று சரியாக அடங்காது, பண்ணையில் மிஷினில் முட்டை அடுக்குகிறவர்கள் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எக்ஸாஸ்ட் டேம்பரை, அதாவது ஈரக் காற்று வெளியேறும் வழியில் உள்ள மூடியை, பாருங்க. சூடு வீணாகிறது என்று அதை மூடி வைப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். ஈரக் காற்று வெளியே போகாவிட்டால் உள்ளே வெறும் ஆவிக்குளியல்தான் நடக்கும்.

ராசிபுரம்_ட்ரே:
டேம்பர் முக்கால்வாசி மூடித்தான் இருக்கிறது, நாளைக்குத் திறக்கிறேன். கடைசியாக ஒன்று. தண்ணீர் சீக்கிரம் வடிய ஒரு பவுடர் தருவதாக ஒருவர் வந்து போனார், பாலிமர் என்றார். அது வேலை செய்யுமா?

கூழ்த்தொட்டி:
கேட்டயானிக் பாலி அக்ரிலமைடாக இருக்கும், பேப்பர் மில்களில் சர்வசாதாரணம். பொடி நாரை நீள நாரோடு கோத்துத் தண்ணீருக்கு வழிவிடும். ஒரு டன் காய்ந்த நாருக்கு 200 முதல் 500 கிராம், அதையும் முன்கூட்டியே தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊறவைத்து, மிஷின் தொட்டிக்குப் பக்கத்தில் சொட்டுச்சொட்டாகச் சேர்க்க வேண்டும். பவுடரை அப்படியே கொட்டினால் மீன்கண் மாதிரி கட்டிகள் வலையில் ஒட்டிக்கொள்ளும். கூழை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, டையையும் பம்ப்பையும் சரிசெய்த பிறகு வாங்குங்க. இப்போதே போட்டால் எது எதனால் மாறியது என்றே தெரியாமல் போகும்.

டை_பட்டறை:
டையை முதலில் கழற்றுங்கள் தம்பி, அதற்குக் காசே ஆகாது.