ஆர்டர் செட்டை மாற்ற நிர்வாகம் மறுக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

கோவையில் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாகப் பொது மருத்துவர் நான். மாதச் சம்பளம்தான், பங்கு எதுவும் கிடையாது.

ஜனவரியில் புது மென்பொருள் வந்தது. ஒவ்வொரு நோய்க்கும் என்னென்ன பரிசோதனை என்று முன்கூட்டியே டிக் போட்ட பட்டியல் அதில் உண்டு, அதுதான் ஆர்டர் செட். காய்ச்சல் என்று அட்மிஷன் போட்டாலே டெங்கு, டைபாய்டு, புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்றா என்று அறிய உதவும் ரத்தப் பரிசோதனை), வயிற்று ஸ்கேன் எல்லாவற்றிலும் டிக் விழுந்தே வருகிறது. வேண்டாம் என்று எடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். காரணம் எழுதாமல் அடுத்த பக்கம் போகாது. இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் எழுதுவாரா? அப்படியே விட்டுவிடுகிறார். திங்கட்கிழமை கூட்டத்தில் யார் எத்தனை நீக்கினார்கள் என்று பட்டியல் வேறு. என் பெயர் சிவப்பில்.

மருத்துவ இயக்குநரிடம் பேசினேன், மேனேஜரைக் கை காட்டினார். மேனேஜரோ என்ஏபிஹெச் என்ற தேசிய மருத்துவமனை வாரியத்தின் தரச் சான்றுக்குச் சீரான நெறிமுறை வேண்டும் என்கிறார். அதில் பாதி நியாயம்தான். செப்சிஸுக்கு (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) ஒரே நெறிமுறை வந்தபின் ஆன்டிபயாடிக் சீக்கிரம் ஏறுகிறது, நானே பார்க்கிறேன். சரி, கணக்கோடு போவோம் என்று என் 40 நோயாளிகளின் கேஸ் ஷீட்டைத் தணிக்கை செய்து காட்டினேன். 31 பேருக்குப் புரோகால்சிடோனின் முடிவால் சிகிச்சை மாறவே இல்லை. "நல்லது டாக்டர்" என்றார்கள், அவ்வளவுதான். அப்புறம் 2002 மருத்துவ நடத்தை விதிகளை எடுத்துப் போனேன். அது டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும், மருத்துவமனையை அல்ல என்றார் அவர்களுடைய வக்கீல்.

அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிப்புக்கு வருகிறது. டாக்டர்கள் குழு கையெழுத்திடாமல் ஆர்டர் செட்டை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர்கள் இருந்தால், அந்தப் பிரிவை எப்படி எழுதினீர்கள்?