மறு: ஒரே குழந்தைக்குள் இருக்கும் வேறுபாட்டுக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்கச் சிறப்புக் கல்வி அறிஞர் சாமுவேல் கிர்க் பற்றிய கட்டுரை முடிந்துவிட்டது, ஒரு சொல்லைத் தவிர: 'இன்ட்ரா இண்டிவிஜுவல் டிஃபரன்ஸ்'. அதற்குத் தமிழாக முன்பு இந்த மடற்குழுவில் வந்த 'உள்தனியாள் வேறுபாடு' எனக்கு ஒட்டவில்லை. உள் அறையில் தனியாகக் குடியிருக்கும் ஆள் மாதிரி இருக்கிறது.

பி.எட். பாடநூல்களில் வரும் 'தனியாள் வேறுபாடு' ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் இடையே உள்ளது. கிர்க் தேடியது ஒரே குழந்தைக்குள் ஒரு திறன் ஓங்கியும் இன்னொன்று தாழ்ந்தும் இருப்பதை. 1929இல், மாணவராக இருந்தபோதே, சிகாகோவுக்குப் பக்கத்தில் ஓக் ஃபாரஸ்டில் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தார். அங்கே மனவளர்ச்சி குன்றியவன் என்று முத்திரை குத்தப்பட்ட பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு மற்றப் பையன்கள் தூங்கியதும் அவன் எழுந்து வருவான்; கழிப்பறை வாசலில் பாடம் நடக்கும். அந்த இடத்தில் நின்றால் தூங்கும் நேர விதியை நேராக மீறியதாகாது என்று இருவருக்கும் ஒரு சமாதானம்! பையன் படிக்கக் கற்றுக்கொண்டான்.

பிற்பாடு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கார்த்தி, தன் மனைவி வினிஃப்ரெட் இருவரோடும் கிர்க் உருவாக்கிய மொழித்திறன் சோதனையில் (1961, திருத்திய பதிப்பு 1968) அந்தப் பையனின் சாயல் தெரிகிறது. கேட்டுப் புரிவது, பார்த்துப் புரிவது, வாயால் சொல்வது, கையால் செய்து காட்டுவது என்று திருத்திய பதிப்பில் பன்னிரண்டு உட்சோதனைகள். மதிப்பெண்களைப் புள்ளிவைத்துக் கோடிழுத்தால் கோடு எங்கே சட்டென்று இறங்குகிறதோ அங்கேதான் ஆசிரியருக்கு வேலை.

என் பரிந்துரை: 'தன்னக வேறுபாடு'. 'தன்னகத்தே' எல்லோருக்கும் பழகிய சொல். பிள்ளைக்குப் பிள்ளை இருப்பதை 'ஆளிடை வேறுபாடு' எனலாம்.

*

> என் பரிந்துரை: 'தன்னக வேறுபாடு'

சொல் நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் புள்ளியியல்காரி என்ற முறையில் இரண்டு தடை.

ஒன்று, அதே குழந்தை திங்கட்கிழமை ஒரு மதிப்பெண்ணும் வியாழக்கிழமை வேறொன்றும் வாங்கினால் அதுவும் தன்னக வேறுபாடுதானே? நீங்கள் சொல்வது நாளுக்கு நாள் மாறுவது அல்ல, திறனுக்குத் திறன் மாறுவது.

இரண்டாவது, 'வேறுபாடு' இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு மதிப்பெண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்து வரும் எண்ணையும் அப்படித்தான் சொல்கிறோம். அந்த எண் பொல்லாதது. இரண்டு உட்சோதனைகளின் நம்பகம் (பிழையில்லாமல் அளக்கும் அளவு; 1 என்றால் முழுமை) தலா 0.80, அவற்றுக்கிடையே ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு) 0.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்து வரும் எண்ணின் நம்பகம் 0.50தான். அதன் பரவலில் பாதி வெறும் பிழை. அப்படியானால் கோடு இறங்கியது பிள்ளையாலா, சோதனையாலா? கிர்க்கின் சோதனை அடிவாங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. தாழ்ந்த திறனுக்குக் கொடுத்த பயிற்சி பலன் தந்ததற்குச் சான்று போதவில்லை என்று 1974இல் ஆய்வாளர்கள் ஹாமிலும் லார்சனும் எழுதியதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வாழ்த்துமடல் ஆகிவிடும்.

*

சரி, அம்மா. கருத்துக்கு 'தன்னகத் திறன் வேறுபாடு', கழித்து வரும் எண்ணுக்கு 'வித்தியாச மதிப்பெண்' என்று பிரித்துவிட்டேன். வித்தியாசம் வடசொல் என்று ஒரு மடல் வரும், வரட்டும். 1974 விவகாரத்துக்கும் தனிப் பத்தி போட்டாயிற்று.

1963 ஏப்ரலில் சிகாகோவில் பெற்றோர் கூட்டத்தில் 'லேர்னிங் டிஸபிலிட்டி' என்ற பெயரை முன்வைத்த அதே பேச்சில், பெயர் சூட்டுவது நமக்குத்தான் திருப்தி, பிள்ளைக்கு அவ்வளவாக உதவாது என்ற பொருளிலும் கிர்க் பேசியிருக்கிறார். அந்தப் பெயருக்குத் தமிழில் 'கற்றல் குறைபாடா', 'கற்றல் இடர்பாடா' என்பதைத் தனி மடலில் பேசுவோம்.

இன்னொன்று. கட்டுரைத் தலைப்பில், மனத்திறன்களை அளக்கும் துறையை 'உளவளவியல்' என்று சேர்த்து எழுதியிருந்தேன். வீட்டில் பார்த்துவிட்டு, உளவுத்துறைக்கு ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டார்கள். இடம் விட்டு 'உள அளவியல்' என்று மாற்றிவிட்டேன்.