தம்பி இறந்ததற்கு நஷ்டஈடு கேட்பது பாவமா? அம்மா கையெழுத்துப் போட மறுக்கிறார்

கேள்வி: கெடிலக்கரை அக்கா

எனக்குப் பிறந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர், வாக்கப்பட்டது புதுச்சேரி முதலியார்பேட்டை. நாலு மாதத்துக்கு முன்னால் என் தம்பி கிருமாம்பாக்கம் பக்கத்தில் லாரி மோதி இறந்துவிட்டான். வயது 32. கொத்தனார். புதுச்சேரியில் வேலை முடித்து வண்டியில் கடலூர் திரும்பிக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது அதைத்தான் என்பதால் சொல்கிறேன்.

அவன் மனைவிக்கு 26 வயது, பெண் குழந்தைக்கு மூன்று. அம்மா அவர்களோடுதான் இருக்கிறார். அவன் பையைக் காவல் நிலையத்தில் வாங்கி வந்தோம். கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், சாப்பாட்டு டப்பா. காய்ந்த சிமெண்டை அம்மாவே சுரண்டிக் கழுவி, படத்துக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறார்.

நஷ்டஈட்டு வழக்கு போடலாம் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். "அவன் ரத்தத்தை வித்து நான் சோறு திங்கணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். சித்தப்பா இன்னொரு பக்கம். பணம் வந்தால் மருமகள் வேறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையோடு போய்விடுவாளாம், அதனால் கையெழுத்துப் போடாதே என்கிறார். லாரி ஓட்டியவரும் இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பாவாம், அவர் குடும்பமும் தெருவுக்கு வரவேண்டுமா, விதி முடிந்தது விடு என்கிறார்கள் மற்றவர்கள்.

தம்பி மனைவி எதுவும் பேசுவதில்லை. துணிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன், அரை லிட்டர் பால் பாக்கெட்டில் பாதியைக் காய்ச்சிவிட்டு, மீதியைத் துணிக் கிளிப் போட்டு மூடி, தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்திருந்தாள், மறுநாள் காலைக்கு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அம்மா சொல்வது சரியா? அவர் கையெழுத்து இல்லாமல் வழக்கு போட முடியுமா? போட்டால் அவரை அவமதித்த மாதிரி ஆகுமா?

பதில்: மஞ்சக்குப்பம் குமாஸ்தா

அம்மா, நான் 22 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக விபத்து வழக்குகளையே பார்த்தவன். உங்கள் தாயார் சொன்ன அதே வார்த்தையை எத்தனையோ தாய்மார் வாயில் கேட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்றை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். சட்டம் உயிருக்கு விலை போடவில்லை. உங்கள் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியைத்தான் கணக்குப் போடுகிறது.

மாதம் 18,000 சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்குக் கீழே இருப்பதால், பின்னாளில் கூலி ஏறியிருக்கும் என்று 40 சதவீதம் கூட்டுவார்கள்: 25,200. மனைவி, குழந்தை, தாய் என மூன்று பேர் நம்பியிருந்ததால், அவர் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு கழியும்: 16,800. வருஷத்துக்கு 2,01,600. இதை இறந்தவர் வயதுக்கென்று வைத்திருக்கும் ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 31 முதல் 35 வயது வரை அது 16. ஆக 32,25,600. இது என் கைக்கணக்கு. விபத்து நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் எந்த வருமானத்தை ஒப்புக்கொள்கிறதோ அதற்கேற்பக் கூடும், குறையும்.

கணவனை இழந்த துயரத்துக்கு என்று தனியே எவ்வளவு தெரியுமா? 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்தது 40,000 ரூபாய், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். அந்தத் துயரத்துக்குப் பணத்தால் ஈடு இல்லை என்று நீதிமன்றத்துக்கும் தெரியும். பெரிய தொகை முழுக்க அவர் உழைப்புதான். அது அந்தக் குழந்தைக்குச் சேரவேண்டியது.

தாயார் மனுதாரராகச் சேர மறுத்தால் அவரை எதிர்மனுதாரராகக் காட்டி, மனைவியும் குழந்தையும் வழக்கு போடலாம். அவர் பங்கு அப்போதும் போகாது. குழந்தையின் பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வார்கள், 18 வயது வரை யாரும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டாலும் அவள் பங்கு அவளுடையதுதான். 26 வயது, அவள் வாழவேண்டாமா?

லாரிக்குக் காப்பீடு நடப்பில் இருந்தால் பணம் கட்டுவது காப்பீட்டு நிறுவனம், டிரைவர் இல்லை. அவர் மீதான குற்ற வழக்கு வேறு, நீங்கள் நஷ்டஈடு கேட்காவிட்டாலும் அது நடக்கும்.

விபத்து புதுச்சேரி எல்லைக்குள் நடந்திருந்தாலும் தம்பி குடும்பம் வசிக்கும் கடலூரிலேயே மனு போடலாம். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. நாலு மாதம் போய்விட்டது, தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று எந்த வக்கீலாவது பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அப்படிப் பேசக்கூடாது என்பது விதி. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தாரா? அதிலும் விபத்து மரணத்துக்கு உதவித்தொகை உண்டு.

கூலிக்கு ஏதாவது எழுத்து ஆதாரம் இருந்தால் தேடி எடுங்கள். கொத்தனார் வழக்குகளில் அங்கேதான் தொகை சரிந்துவிடும்.

பதில்: தேவனாம்பட்டினத்துக்காரி

அக்கா, சுனாமியில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். எங்கள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல். அரசாங்கம் கொடுத்த காசோலையை என் மாமியார் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். "இதை மாத்துனா அவன் செத்தது நிஜமாயிடும்" என்றார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. காலக்கெடு முடிந்து, புதுக் காசோலைக்காகக் கைக்குழந்தையோடு எத்தனை நடை நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உங்கள் அம்மாவுக்குப் பண ஆசையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கையெழுத்துப் போட்டால் பிள்ளையை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறார். கணக்கைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து தம்பியைப் பற்றிப் பேசுங்கள்.

பதில்: கெடிலக்கரை அக்கா

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் அம்மாவோடு உட்கார்ந்தேன். ஆதாரம் தேடும்போது பீரோவுக்கு மேலே ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பென்சிலால் எழுதியிருக்கிறான். தன் கூலி, சித்தாள் கூலி, டீச் செலவு, பாக்கி. சில சனிக்கிழமைகளில் ஓரத்தில் "அம்மா மாத்திரை" என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாரம் வாரமாகப் படித்துக் காட்டினேன். மாத்திரை வருகிற இடத்தில் மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். குமாஸ்தா ஐயா சொன்ன கூலிக் கணக்கை அப்புறம்தான் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "பாப்பா பேர்ல போடுவாங்கதானே?" என்றார். செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் சட்ட உதவிக்குப் போகிறோம்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். நோட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் திருப்பித் தருவார்களா?

பதில்: மஞ்சக்குப்பம் குமாஸ்தா

வழக்கு முழுக்க முடிந்ததும் மனு போட்டு வாங்கலாம் அம்மா. கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பென்சில் எழுத்து என்பதால் கொஞ்சம் அழுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள்.