இடுப்புப் பிடிப்புக்கு ஒத்தடம்: எவ்வளவு சூடு, எத்தனை நேரம்?

கேள்வி:
என் தாயாருக்கு 62 வயது. சர்க்கரை நோய்க்கு 12 ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். நான்கு நாள்களுக்கு முன் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் பிடித்துக்கொண்டது. அன்று முதல் உட்கார்ந்து எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வலி காலுக்கு இறங்கவில்லை. வெந்நீர்ப் பையை வைத்தால் தணிகிறது என்கிறார். ஆனால் சிறிது நேரத்திலேயே "சூடே தெரியவில்லை" என்று சொல்லி, இன்னும் கொதிக்கும் நீரை ஊற்றச் சொல்கிறார். கொடுக்கலாமா? பாட்டி காலத்து உப்பு ஒத்தடம் இதைவிட நல்லதா?

மறுமொழி 1:
கொதிநீர் வேண்டவே வேண்டாம். தோல் சற்று நேரத்தில் சூட்டுக்குப் பழகிவிடும் என்பது ஒருபுறம். நெடுநாள் சர்க்கரை நோயில் நரம்புகளின் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும் என்பது மறுபுறம். ஆகவே சூட்டை அவர் சொல்லை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நீர் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடியைத் திருகி, துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். பையின் மேல் படுக்க விடாதீர்கள். உடல் எடையில் பை பிளந்துவிடலாம்.

மறுமொழி 2:
இறுகிய தசையை இளக்குவதும் அங்கே இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதும் சூடுதான். அது உப்பிலிருந்து வந்தாலென்ன, நீரிலிருந்து வந்தாலென்ன? இருந்தாலும் உப்பு ஒத்தடத்தில் எனக்கு ஒரு பிடித்தம் உண்டு. கல் உப்பை இரும்புச் சட்டியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, ஒற்றி ஒற்றி எடுப்பதால்தான் அதற்கு ஒத்தடம் என்றே பெயர். மூட்டை ஓரிடத்தில் தங்குவதில்லை. கொடுப்பவரின் கைக்கும் சூடு தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் வறுத்த உப்பு கொதிநீரைவிடச் சூடாக இருக்கும் என்பதால், துணியை இரண்டு மடிப்பாக்கி, சற்று ஆறவிட்ட பிறகே தொடங்க வேண்டும்.

மறுமொழி 3:
திடீரென வந்த இடுப்பு வலிக்கு, மருந்துக்கு முன் செய்யக்கூடியவற்றில் ஒன்றாகச் சூட்டை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அந்த ஆறுதல் சிறிது நேரத்துக்கே நிற்கும். எனவே ஒத்தடம் முடிந்த கையோடு கூடத்திலாவது நாலு நடை நடக்கச் சொல்லுங்கள், படுத்தே கிடப்பது பிடிப்பை நீட்டிக்கும். வலித்தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். காலில் வலுக்குறைவு, தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைபடுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு வலி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. முன்கையில் வைத்துப் பார்த்தேன். அம்மா "வெதுவெதுப்பு" என்று சொன்ன பையை என்னால் மூன்று நொடிகூடத் தாங்க முடியவில்லை. அவர் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருக்கிறது, எரிச்சலே இல்லை என்கிறார். ஒத்தடத்தை நிறுத்திவிட்டேன். நாளைக் காலை மருத்துவரிடம் தோலைக் காட்டுவதோடு, பாதங்களின் உணர்ச்சியையும் சோதித்துப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.